ஜாக்கி இறங்கிய நேரம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் என் நினைவை ஒரு பதிவு செய்த பத்திரத்தைப் போல நம்பியிருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதன் நகலையும் கொடுத்தேன். அதனால் கீழே வரும் பேச்சுகளையும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் நீங்கள் கொஞ்சம் தள்ளி வைத்தே படிப்பது நல்லது. தேதிகள் மட்டும் சரி. அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

1984, ஏப்ரல் இருபத்தொன்பது, ஞாயிறு. அப்பாவும் நானும் தேவாலயத்திலிருந்து வந்து, பன்றி ஈரலும் சோளமாவும் கலந்த லிவர்மஷ்ஷை வறுத்து வைத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, கார்ப் பந்தயம் பார்க்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு அதன் தலைமேல் இருந்த வானொலியைப் போட்டோம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். படம் தொலைக்காட்சியில், பேச்சு வானொலியில். தொலைக்காட்சிக்காரர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள், கார் தெரியாதவர்கள் என்பது அப்பாவின் எண்ணம். வானொலியில் பேசியவர்கள் எங்களைப் போலவே டிராக் ஓரத்தில் செம்மண் தின்று வளர்ந்தவர்கள். ஜன்னல்கள் திறந்திருக்கும் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் பந்தயத்தில் ஒரு திருப்பம்கூடத் தவறிப்போகாது. வீட்டுக்கு வீடு அதே குரல் உங்களைக் கைமாற்றிக்கொண்டே வரும்.

அன்றைய பந்தயம் ஸ்டோனி ஃபோர்க் டிராக்கில். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நானூறு சுற்று. கார்லண்ட் போலிக் ஓட்டிய காரில் என் அண்ணன் ராய்ஸும், என் தங்கை ஆர்லீனின் கணவன் ஹாய்ட்டும் வேலை செய்தார்கள். வாரம் முழுக்க இருவரும் மரச்சாமான் தொழிற்சாலையில் ஒரே பட்டறையில் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கார்லண்டின் காருக்கு ஓடுவார்கள். ராய்ஸ் வலது முன் டயர் மாற்றுபவன். ஹாய்ட் காரைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியைப் போடுபவன்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. டயர் மாற்றுபவன் நட்டு முடுக்கும் கன்னால் ஐந்து நட்டையும் இறுக்கி முடித்ததும் கையைத் தூக்குவான். ஜாக்கிக்காரன் அந்தக் கையைப் பார்த்துத்தான் காரை இறக்குவான். கார் தரையைத் தொட்டதும் ஓட்டுபவர் கிளம்பிவிடுவார். கை, ஜாக்கி, கார். அந்த இரைச்சலில் வேறு பேச்சுக்கு இடமில்லை.

நாற்பது சுற்று மிச்சமிருந்தபோது கார்லண்ட் முன்னணியில் இருந்தார். பதினான்கு வருடப் பந்தய வாழ்க்கையில் அவர் அப்படி முன்னணியில் இருந்தது அந்த ஒரு நாள்தான். கடைசியாக ஒரு முறை டயர் மாற்ற உள்ளே வந்தார். வலப்பக்கம் இரண்டு டயர், பத்துப் பதினோரு விநாடி வேலை. கிளம்பிப் போனார். இரண்டாவது சுற்றில், மூன்றாம் திருப்பத்தில், வலது முன் சக்கரம் தனியே கழன்று அவருக்கு முன்னால் உருண்டு ஓடியது. கார் சுவரில் போய் மோதியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. அதன் பிறகு அவர் பந்தயக் காரில் உட்காரவே இல்லை.

புதன்கிழமை மாலை கார்லண்டின் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். கார்லண்ட் மருத்துவமனையில் இருந்தார். யாருடைய தவறு என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டே பதில்தான் இருக்க முடியும்.

"கை தூக்கினான். இறக்கினேன்," என்றான் ஹாய்ட்.

ராய்ஸ் தரையைப் பார்த்தபடி, "நான் முடிக்கிறதுக்குள்ள வண்டி கீழ வந்துருச்சு," என்றான்.

அவ்வளவுதான். ஒருவன் சொல், இன்னொருவன் சொல். அப்போது நான் பேசினேன். என்னை யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "நான் டிவியில பாத்தேன்," என்றேன். "ஜாக்கி இறங்கறப்போ ராய்ஸ் முட்டி போட்டுட்டுத்தான் இருந்தான். கன் நட்டு மேலதான் இருந்துச்சு. கை தூக்கல."

நான் மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். யாருடைய நிலம் எந்த ஓக் மரத்திலிருந்து எந்த ஓடைவரை என்று எழுதி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. அதிகம் பேசமாட்டேன். கையில் எப்போதும் ஏதாவது புத்தகம் இருக்கும். அப்படிப்பட்டவன் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் அந்தப் பட்டறையில் அதற்கு மேல் விசாரணை இல்லை. ஹாய்ட் என்னை வெகுநேரம் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்திலிருந்து சார்லட்டில் ஒரு பெரிய அணி ஹாய்ட்டை முழுநேர வேலைக்கு எடுப்பதாக இருந்தது. எடுக்கவில்லை. செய்தி எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு எந்த அணியும் அவனை ஜாக்கியைத் தொட விடவில்லை. முப்பது வருடம் அதே தொழிற்சாலையில் நாற்காலிக் கால்களைக் கடைந்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன்னால் அவன் மறுபடி உட்காரவில்லை. ஆர்லீன் சில வருடங்கள் பண்டிகைக்குத் தனியே வந்தாள். பிறகு அவளும் நின்றுவிட்டாள்.

2016 செப்டம்பரில் அவள் தொலைபேசியில் அழைத்தாள். குரலை அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"ராய்ஸ் எப்படி இருக்கான்?"

"இந்த மாசம் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்லிட்டா. நுரையீரல்ல இனி ஒண்ணும் இல்ல. மரத்தூளும் வார்னிஷும்தான்."

அவள் வீட்டு நாய் குரைப்பது மட்டும் கேட்டது.

"ஹாய்ட் வரேங்கறார்."

"எங்க?"

"ராய்ஸப் பாக்க. மன்னிப்புக் கேக்கணுமாம், அவன் போறதுக்குள்ள. ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் படத்த ஒரு தடவ பாக்கணுங்கறார். 'நான் பண்ணின தப்ப நான் பாத்ததே இல்ல, உங்க எல்பர்ட்தான் பாத்திருக்கான்'ங்கறார். உன்னால அந்த டேப்பப் பிடிக்க முடியுமா?"

"முடியும்," என்றேன்.

அப்போது எனக்குள் வந்தது மகிழ்ச்சி. அதை மறைக்க விரும்பவில்லை. கடைசியில் என் சொல் நிரூபிக்கப்படப் போகிறது, பெருந்தன்மையாக நடந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

டேப் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெண்டல் ஐசன்ஹவர் 1981இலிருந்து ஒளிபரப்பான எல்லாப் பந்தயங்களையும் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் வீட்டு நிலவறையில் சுவர் தெரியாது, டேப்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் நாலைந்து கிழவர்கள் அங்கே கூடுவோம். இன்றைய பந்தயத்தை யாரும் பார்ப்பதில்லை. அதில் திரையின் மேலும் கீழும் எண்கள் ஊர்ந்துகொண்டே இருக்கும். வர்ணனைக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒருவர் ஜோக்குக்கு ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கார்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பார்வையாளர் இருக்கைகளில் ஆள் இல்லாதது தெரியக் கூடாது என்று பல வண்ணங்களைக் கலந்து அடித்திருப்பார்கள். நாங்கள் அதே வாரத்தில் என்றைக்கோ நடந்த பழைய பந்தயத்தைப் போட்டு, முதல் சுற்றிலிருந்து கடைசிவரை, முடிவு தெரிந்தே பார்ப்போம். ஸ்டோனி ஃபோர்க் டிராக்கை மூடியபோது வெண்டல் அங்கிருந்து இரண்டு பலகை இருக்கைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். எண்கள்கூட அழியவில்லை. அதில்தான் உட்காருவோம்.

வெண்டலுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் வானொலி ஒலிபரப்புகளையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். பந்தயம் தொடங்கப் பச்சைக் கொடி அசையும் கணத்தில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், தொலைக்காட்சியில் படமும் வானொலியில் பேச்சுமாக, எங்கள் பழைய வீடுகள் திரும்ப வந்துவிடும். இன்னொன்று, அவர் விளம்பரங்களை வெட்டியதே இல்லை. டேப் சேகரிக்கும் மற்றவர்கள் விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, முடிந்ததும் மறுபடி போடுவார்கள். "அவனுகள்லாம் எலும்ப எடுத்துட்டு மீன் வளக்கிறவனுக," என்பார் வெண்டல்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்பத்திநாலு, ஸ்டோனி ஃபோர்க், வசந்தகாலப் பந்தயம். இருக்கு. ஆனா இதுவரைக்கும் நான் அத இங்க போட்டதில்ல."

"ஏன்?"

"நீ இங்க உக்காந்திருக்கியே, அதான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாய்ட் வந்தான். எழுபது வயது. உயரம் அப்படியே இருந்தது, ஆனால் தோள்கள் உள்ளே மடிந்திருந்தன. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இங்கிருந்து நேரே ராய்ஸைப் பார்க்கப் போவதாகத் திட்டம். ராய்ஸுக்கென்று ஆர்லீன் சுட்ட கேக் காரின் பின் இருக்கையில் இருந்தது. அவள் மேலே சமையலறையில் வெண்டலின் மனைவியோடு உட்கார்ந்துகொண்டாள். கீழே வர மறுத்துவிட்டாள்.

"வா ஹாய்ட்," என்றார் ஜூனி. எங்களில் மூத்தவர், எண்பத்தைந்து. "எத்தன வருஷமாச்சு? நீ செத்துட்டேன்னு எவனோ சொன்னானே?"

"உன்னப் பத்தியும் அப்படித்தான் சொன்னானுக. ரெண்டு பேரும் நம்பல போலிருக்கு."

ஜூனி சிரித்து நகர்ந்து இடம் கொடுத்தார். ஹாய்ட் எனக்குத் தலையை அசைத்தான். கை நீட்டவில்லை. பலகையின் மறு கோடியில் உட்கார்ந்தான்.

பச்சைக் கொடி அசைந்தது. வெண்டல் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். அந்தக் குரல் வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் முழங்கால், வறுத்த லிவர்மஷ் வாசனை, தெருவின் எல்லா ஜன்னல்களும் ஒருசேர நினைவுக்கு வந்தன. ஜூனி வாயசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். விளம்பரங்கள் வந்தபோது அவர்கள் அவற்றையும் விடவில்லை. ஊமைப்படமாக ஓடிய சவர பிளேடு விளம்பரத்துக்கு ஜூனி தன் சொந்தக் குரலில் பாட்டுப் பாடினார். "தாடி வச்சவன் இந்தப் பாட்டப் பாடக் கூடாது," என்றார் வெண்டல்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் மஞ்சள் கொடி, எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்தன. கார்லண்ட் உள்ளே வந்தார். தொலைக்காட்சி அதைக் காட்டியது. நீலச் சட்டைகள் ஓடின. ஹாய்ட் ஜாக்கியைச் செருகி ஒரே அழுத்தில் காரைத் தூக்கினான். ராய்ஸ் முட்டி போட்டான். கன் ஐந்து முறை தொட்டது. கை உயர்ந்தது. கார் இறங்கியது, போனது.

பலகையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"எம்மாடி, எவ்ளோ ஒல்லியா இருக்கேன்," என்றான் ஹாய்ட். அவன் முகம் முழுவதும் மலர்ந்துவிட்டது. "அந்த ஜாக்கி என்னவிட கனம்யா. பாத்தீங்களா, ஒரே அழுத்து."

"அந்தக் காலத்துல மனுஷன் தூக்கினான்," என்றார் ஜூனி. "இப்ப எல்லாம் காலேஜ்ல ஃபுட்பால் ஆடின பயலுக."

ஹாய்ட் எதையோ சொல்ல என் பக்கம் திரும்பினான். பிறகு நினைவு வந்தவன் போலத் திரையைப் பார்த்துக்கொண்டான்.

முந்நூற்று அறுபதாவது சுற்று வந்தது. கார்லண்டின் கார் முன்னணியில் போய்க்கொண்டிருந்தது. ஹாய்ட் முழங்கால்களில் கைகளை வைத்து முன்னால் குனிந்து உட்கார்ந்தான். கார் நாலாம் திருப்பத்தில் தாழ இறங்கி, டயர் மாற்றும் உள்பாதைக்குள் நுழைந்தது. அப்போது திரை மாறியது.

ஒரு சிவப்புப் பிக்-அப் வண்டி சேற்று மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

வானொலி நிற்கவில்லை. "போலிக் நின்னுட்டாரு, வலப்பக்கம் ரெண்டு, வலப்பக்கம் ரெண்டு மட்டும்!" என்றது குரல். பிக்-அப்பின் சக்கரம் சேற்றைத் தெறிக்கவிட்டது. "ஜாக்கி இறங்கிருச்சு! டயர்க்காரரு இன்னும் முட்டியிலயே இருக்காரு, வண்டி கிளம்பிருச்சு!" பிக்-அப் மேட்டின் உச்சியில் நின்றது. ஒருவன் இறங்கி, தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தான். பிறகு குளிர்பானம். பிறகு காய்ச்சல் மாத்திரை. மறுபடி டிராக் வந்தபோது கார்லண்ட் இரண்டாம் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தார்.

சக்கரம் கழன்று உருண்டதை எல்லோரும் பார்த்தோம். அதைத் தொலைக்காட்சி மூன்று முறை காட்டியது. டயர் மாற்றியதை ஒரு முறைகூடக் காட்டவில்லை.

வெண்டல் எழுந்து டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். வானொலியை அணைத்துவிட்டு, அந்த நிலவறையில் யாரும் எப்போதும் செய்யாததைச் செய்தார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வடக்கத்திக் குரல் ஒன்று தெளிவாகச் சொன்னது: "நேயர்களே, அந்த நிறுத்தத்தின்போது நாம் விளம்பரத்தில் இருந்தோம். அதன் படம் நம்மிடம் இல்லை."

"வேற சேனல்ல?" என்றேன்.

"வேற சேனல் ஏது, எல்பர்ட்டு?" என்றார் வெண்டல். "ஒண்ணுதான்."

"இன்னொரு தடவ போடு," என்றான் ஹாய்ட்.

போட்டார். பிக்-அப் ஏறியது. குரல் சொன்னது. ஹாய்ட் இன்னொரு தடவை கேட்டான். மூன்றாவது முறை முடிந்ததும் வெண்டல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.

நான் அந்த அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் இப்போதும் ராய்ஸைப் பார்க்க முடிந்தது. நீலச் சட்டை, முட்டி, நட்டின் மேல் கன், உயராத கை. ஒவ்வொன்றும் தெளிவு. முதல் நிறுத்தத்தில் பார்த்த சட்டையை எடுத்து, கடைசி நிறுத்தத்தில் கேட்ட ஒரே வாக்கியத்துக்குப் போர்த்தியிருக்கிறேன். முட்டியில் இருக்கிறார் என்றுதான் அந்தக் குரல் சொன்னது. கையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. முட்டியில் இருந்தபடியே கையைத் தூக்க முடியாதா? முதல் நிறுத்தத்தில் ராய்ஸ் அப்படித்தானே தூக்கினான்?

மேலே பெண்கள் பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது.

கடைசியில் ஹாய்ட்தான் பேசினான். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"அன்னிக்குப் பட்டறைல நீ சொன்னப்போ, இவன் பொய் சொல்லமாட்டானேன்னு நெனச்சேன் எல்பர்ட். ராய்ஸ் சொன்னத நான் நம்பல. அவன் பயத்துல சொல்றான்னு தெரியும். நீ சொன்னத நம்பினேன். எனக்கு ஒரு கை ஞாபகம் இருந்துச்சு. நீ கை இல்லன்னே. சரி, நாந்தான் அவசரத்துல கையக் கண்டதா நெனச்சுட்டேன்னு அத எடுத்துட்டேன்." தலையைத் தட்டிக் காட்டினான். "இங்கேர்ந்து எடுத்துட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனுஷன் கால நான் ஒடச்சேன்னு நெனச்சுட்டு இருந்தேன். கார்லண்ட் கடத்தெருவுல குச்சி ஊனிட்டு வந்தார்னா நான் எதிர்ப்பக்கம் போயிருவேன்."

"ஹாய்ட், எனக்கு நெஜமாவே—"

"தெரியும். நீ நெஜமாத்தான் நம்பினே. அதான் கேடு."

எழுந்தான். ஜூனியின் தோளைத் தொட்டான். வெண்டலிடம், "விளம்பரத்த வெட்டாம வச்சதுக்கு நன்றி," என்றான். படியேறிப் போனான். ஆர்லீன் மேலே ஏதோ கேட்பதும், அவன் பதில் சொல்லாததும், கார் கிளம்புவதும் கேட்டன.

"அந்தக் கேக்கையும் எடுத்துட்டே போயிட்டானே," என்றார் ஜூனி, யாரிடமும் இல்லாமல்.

நான் ராய்ஸ் வீட்டுக்குப் போனேன். இன்னும் வெயில் இருந்தது. முன்னறையில் மருத்துவமனைக் கட்டில் போட்டிருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் எந்திரத்தின் குழாய். எதிரே தொலைக்காட்சியில் அன்றைய பந்தயம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வானொலியும் இல்லை. அந்த எந்திரம் மூச்சு விடும் ஓசை மட்டும்.

"ஹாய்ட் வரலயா?" என்றான்.

"வரல."

"மன்னிப்புக் கேக்க வரான்னு ஆர்லீன் சொன்னாளே?"

"டேப்பப் பாத்தோம், ராய்ஸ்."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"பிக்-அப்," என்றான்.

முதலில் எனக்கு அது புரியவில்லை. பிறகு புரிந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்துல கார்லண்ட் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு எவனோ டேப் அனுப்பியிருந்தான். ரெண்டு பேரும் பாத்தோம். செவப்பு வண்டி சேத்துல ஏறுது." நிறுத்தி மூச்சு வாங்கினான். "கார்லண்ட் என்னப் பாத்தார். நான் அவரப் பாத்தேன். அவர் ஒண்ணும் கேக்கல."

"நீ எத்தன நட்டு போட்டே?"

எந்திரம் நாலைந்து முறை மூச்சு விட்டது.

"மூணு."

"கை?"

"தூக்கினேன். முன்னாடி இருந்தோம்ல தம்பி. வாழ்க்கைல ஒரே ஒரு தடவ முன்னாடி இருந்தோம். ரெண்டு நட்டுக்காக அத விடணுமான்னு தோணிச்சு. மூணு தாங்கும்னு நெனச்சேன். எத்தனையோ பேரு மூணுல ஓட்டியிருக்கானுக."

"ஏன் சொல்லல? ஆர்லீன் கிட்டயாவது?"

அப்போதுதான் அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் வியப்பு இருந்தது, இதுகூடவா தெரியவில்லை என்பது போல.

"நீ கண்ணால பாத்தேன்னு சொன்னே. பட்டறை பூரா நம்பிருச்சு. நான் எந்திரிச்சு என் தம்பி பொய்யன்னு சொல்லணுமா?"

அவன் என்னைக் காப்பாற்றியதாகவே நினைத்திருந்தான். அல்லது அப்படி நினைத்துப் பழகியிருந்தான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. பந்தயம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு இளைஞன் கார்மேல் ஏறி நின்று கத்தினான். வாய் மட்டும் அசைந்தது.

ராய்ஸ் அந்த வியாழக்கிழமை இறந்தான். அடக்கத்துக்கு ஆர்லீன் வந்து கடைசி வரிசையில் நின்றாள், சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. ஹாய்ட் வரவில்லை.

ராய்ஸ் சொன்னதை நான் உடனே போய் ஹாய்ட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடக்கம் முடியட்டும் என்றேன், குளிர்காலம் போகட்டும் என்றேன். மார்ச் மாதத்தில்தான் போனேன். அவன் கொட்டகையில் புல்வெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன?" என்று கேட்டான்.

"மூணு."

"கையத் தூக்கினானா?"

"தூக்கினான்."

அவன் அரத்தைக் கீழே வைத்தான். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, அதை அண்ணாந்து பார்த்தான். யாருடைய கை என்று பார்ப்பவனைப் போல. பிறகு மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டான்.

"வாசக்கதவச் சாத்திட்டுப் போ, நாய் வெளில ஓடிரும்," என்றான்.

கார்லண்ட் போலிக் 2003இலேயே இறந்துவிட்டார். கடைசிவரை ஊன்றுகோலோடுதான் நடந்தார். ஜூனி எண்பத்தேழு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கத்தில் போனார். வெண்டலின் கண் மங்கிவிட்டது. அவருடைய மகள் டேப்களையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டாள். எண்பத்திநாலு ஸ்டோனி ஃபோர்க் பந்தயத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே பலரும் எழுதியிருப்பது அந்தச் சிவப்புப் பிக்-அப் விளம்பரத்தைப் பற்றித்தான். தங்கள் அப்பா அதே வண்டி வைத்திருந்ததாகவும், அந்தக் காலம் இனி வராது என்றும் எழுதுகிறார்கள். டிராக்கில் பைன் மரங்கள் முளைத்துவிட்டன. ஹாய்ட்டும் ஆர்லீனும் வீட்டை விற்றுவிட்டு டென்னசியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முகவரி என்னிடம் இல்லை. நான் பத்திர அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது.